எந்த ஆறு மணி?

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி மாதம். கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்து, திருவண்ணாமலை மறுபடியும் எங்களைப் போல அங்கேயே குடியிருக்கிறவர்களின் ஊராக ஆகியிருந்த நேரம். கோயிலுக்குக் கிழக்கே ஒரு தெருவில் வாடகை வீடு. என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எங்களுக்கு எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று. ஆனால் குழந்தை அப்போது எங்களோடு இல்லை. போளூர் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் என் மாமியாரிடம் இருந்தாள். எனக்குக் காய்ச்சல், கூடவே வயிற்றுப்போக்கு.

விஷ ஜுரம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். டைபாய்டாக இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த ‘இருக்கும்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அடுத்த ஒரு மாதம் என்னைப் படுத்தி எடுத்தது அதுதான். நான் இயல்பிலேயே அவசரக்குடுக்கை. ஒரு விஷயம் என்றால் உண்டா இல்லையா என்று பளிச்சென்று தெரிந்துவிட வேண்டும். கடவுள் பார்த்து எனக்குத்தான் இப்படி ஒரு நோயைக் கொடுத்தார்.

முதல் நாளே டாக்டரம்மா நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேனா என்று கேட்டார். ஆமாம் என்றதும், இன்றைக்கே நிறுத்திவிடு என்றார். மாத்திரை பாலில் கலந்து குழந்தைக்குப் போகும், அது ஆகாது. நோயும் கை வழியாக ஒட்டிக்கொள்ளும். குணமாகும் வரைக்கும் குழந்தையைத் தள்ளி வைப்பதுதான் நல்லது என்றார். மறுநாளே மாமியார் பஸ்ஸில் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் அழவில்லை. ஊருக்குப் போகிற குஷியில் மாமியாரின் இடுப்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே போனாள். அழுதது நான்தான். பால் கட்டிக்கொண்ட வலியா, வயிற்று வலியா, பிள்ளையைப் பிரிந்த வலியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்தபோது டாக்டரம்மா என் கணவரிடம், “ஆறு மணிக்கு ஒரு தடவை குடுங்க. ஒரு வேளை கூட விடக் கூடாது” என்று சொன்னார். அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

என் கணவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் நயினார் வீடு, அதாவது தமிழ்ச் சமணர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டோம். நான் இதில் அப்படி இப்படித்தான். அவர் கறார். சித்திரை வெயிலில் ரயிலில் வந்தால் கூட, இருட்டின பிறகு ஒரு வாய்த் தண்ணீர் தொண்டையில் இறங்காது. ஆபீசில் எல்லோருக்கும் இது தெரியும். சாயந்திரம் ஆனால், நயினாருக்குச் சோற்று நேரம் வந்துவிட்டது என்று கேலி செய்து அனுப்பி வைப்பார்கள்.

இதில் அந்த வீட்டுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. எங்கள் கிராமத்தில் சூரியன் வயல் கோடியில் முழுசாக இறங்குவதைப் பார்க்கலாம். டவுனில் மேற்கே மலை நிற்கிறது. மார்கழியில் சூரியன் சீக்கிரமாகவே மலைக்குப் பின்னால் போய்விடும், தெருவெல்லாம் நிழல் விழுந்துவிடும். மலை மறைப்பது அஸ்தமனமா, பஞ்சாங்கத்தில் போட்டிருப்பது அஸ்தமனமா என்று கல்யாணமான புதிதிலிருந்தே எங்களுக்குள் வழக்கு நடந்துகொண்டிருந்தது. நான் பஞ்சாங்கத்தின் கட்சி. இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்குமே என்ற ஆசைதான்.

ஆகவே டாக்டரம்மா சொன்ன ஆறு மணி அவருக்கு வேதவாக்கானது. காலையில் ஆறு மணிக்கு மாத்திரையோடு எழுப்புவார். சாயந்திரம் ஆபீசிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மாத்திரையை எடுப்பார். நான் கஞ்சி குடித்தேனா இல்லையா என்பதைக் கூட அப்புறம்தான் கேட்பார்.

ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. வயிற்றுப்போக்கும் நின்றது. ரசம் சாதம் கேட்டேன். அவருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை போய்க் குழந்தையை அழைத்து வருவதாகச் சொன்னார். தொட்டில் கட்டுகிற புடவையை நானே துவைத்துக் காயப்போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் எனக்குக் குளிர் எடுத்தது. சாயந்திரத்துக்குள் பழையபடி நெருப்பாகச் சுட்டது. வயிறு மறுபடி போக ஆரம்பித்தது. கொல்லைக்கும் கட்டிலுக்குமாக நடந்து நடந்து, கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கொடியில் அந்தப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டேன்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் திரும்பியது டாக்டரம்மாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ஒரு வேளை கூட விடவில்லை என்று என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அது சத்தியமான வார்த்தை. டாக்டரம்மாவும் நம்பினார். பிறகு ரத்தம் எடுத்துப் பார்க்க அனுப்பினார்.

சீட்டு வந்தது. அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தீபத்துக்கு ஊசி போட்டுக்கொண்டாயா என்று கேட்டார். போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் தீபம் வந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திக் கையில் குத்திவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். ஊரிலிருந்து திரும்பி வந்த என்னையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். காலரா ஊசி என்று யாரோ சொன்னதாக ஞாபகம்.

“அது கூட டைபாய்டு தடுப்பு மருந்தையும் சேத்துப் போட்டிருந்தா, அதுவே ரத்தத்துல இப்படிக் காட்டும். டைபாய்டு இருந்தாலும் இப்படித்தாம்மா காட்டும்” என்றார்.

அப்படியென்றால் எனக்கு இருக்கிறதா இல்லையா என்று கேட்டேன். ரெண்டும் சொல்ல முடியாது என்றார். எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்து ரிக்‌ஷாவில் உட்கார்ந்துகொண்டு என் கணவரிடம் சண்டை போட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்?

அடுத்தது மலப் பரிசோதனை. அதில் சீழ் தெரிகிறது, கிருமி தெரியவில்லை. மறுபடி ஒரு ரத்தம். முதல் தடவையை விட ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை. வேலூருக்கு அனுப்பி ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்றும் பார்த்தார்கள். எதுவும் வளரவில்லை. அப்பாடா என்று நான் வாயைத் திறப்பதற்குள், மாத்திரை உள்ளே போயிருப்பதால் கிருமி வளராமல் இருந்திருக்கலாம், அதனால் இல்லை என்று வந்தாலும் இல்லை என்று அர்த்தமில்லை என்றார் டாக்டரம்மா. எனக்கு அந்தச் சீட்டுகளை எல்லாம் கிழித்துப் போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

வீட்டில் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. படுத்தால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் நடக்கத் தோன்றும், நடந்தால் கண் இருட்டும். நெற்றியை நானே தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கை சூடா, நெற்றி சூடா என்று தெரியாமல் வாசல் கல்லில் கையை வைத்து ஆற்றிவிட்டு மறுபடி தொடுவேன். காய்ச்சல் ஒரு நாள் இறங்கும், ஒரு நாள் ஏறும். முழுக்க விடவும் இல்லை, முழுக்கப் பிடிக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் ஊருக்குப் போய்விட்டு வந்து, குழந்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கன்றுக்குட்டியைக் கூப்பிட்டாள் என்று செய்தி சொல்வார். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வரும். நான் இல்லாமலே அவள் நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இதற்குள் என் பாலும் வற்றிப் போயிருந்தது.

கடைசியில் ஒரு நாள் சாயந்திரம் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். இது டைபாய்டாக இல்லாமல் குடலில் காசநோயாகவும் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் வருகிறது, இதற்கு மேல் இங்கே வைத்துப் பார்க்கத் தனக்குத் துணிச்சல் இல்லை என்றார். வேலூருக்குப் போக வேண்டும். அங்கே வயிற்றைத் திறந்து பார்க்கச் சொன்னாலும் சொல்வார்கள். காசம் என்றால் மருந்து மாதக்கணக்கில், வருஷம் கூட ஆகலாம்.

குழந்தை, என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்க்காமல், இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வேலூருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். ஒரு வருஷம் கழித்துப் போனால் அவள் நடப்பாள், பேசுவாள், வேறு ஒருவரை அம்மா என்று கூப்பிடுவாள். நான் விருந்தாளி மாதிரி வாசலில் போய் நிற்பேன். அந்த அறையில் உட்கார்ந்திருந்த சிறிது நேரத்தில் என் மனசு இவ்வளவு தூரமும் போய் வந்துவிட்டது.

என் கணவர் மட்டும் நாற்காலி நுனியில் நெளிந்துகொண்டிருந்தார். ஜன்னல் வழியாக மலைப் பக்கம் பார்ப்பதும், டாக்டரம்மாவைப் பார்ப்பதுமாக இருந்தார். இந்த நேரத்தில் கூட இவருக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிற நினைப்பா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ரொம்பத் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

“டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. மார்கழியில ஆறு மணிக்குள்ள பொழுது போயிடுது. அதனால சாயந்திரம் ஆறு மணி மாத்திரைய நான் அஞ்சரைக்கே குடுத்துக்கிட்டு வர்றேன். அதனால எதாச்சும் கெடுதல் ஆயிருக்குமோன்னு மனசு அடிச்சுக்குது.”

பாவம், வேலூர் என்றதும் அந்த அரை மணி நேரம் அவர் மனசை அரித்திருக்கிறது. பெண்டாட்டி வயிற்றைக் கிழிக்கப் போவதே அதனால்தான் என்று நினைத்துவிட்டார். டாக்டரம்மா எழுதிக்கொண்டே, அரை மணியில் ஒன்றும் ஆகாது என்றார். இரண்டு வரி எழுதியிருப்பார். பேனா நின்றது.

“சாயந்திரம் ஆறு மணி மாத்திரைன்னா? மீதி வேளை எப்பக் குடுக்கறீங்க?”

“காலைல ஆறு மணிக்குங்க.”

“அப்புறம்?”

“அவ்ளோதாங்க. நீங்கதான ஆறு மணிக்கு ஒரு தடவைன்னு சொன்னீங்க. காலைல ஆறு, சாயந்திரம் ஆறு.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு முதலில் எதுவும் புரியவில்லை. திட்டப் போகிறார் என்று மட்டும் தோன்றியது. அவர் திட்டவில்லை.

“ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு சொல்லியிருக்கணும். ‘நேரம்’னு ஒரு வார்த்தைய நான் முழுங்கிட்டேன். நாலு வேளை மாத்திரைய ரெண்டு வேளையா தின்னுக்கிட்டு இருந்திருக்கா இவ” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு யார் வீடாக இருந்தாலும் ராத்திரி ஒரு வேளை, மத்தியானம் ஒரு வேளை என்று ஏதாவது கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் ஆறு மணி என்றால் அது நாளின் எல்லைக்கோடு. ஒரு ஆறில் அடுப்பு பற்றும், அடுத்த ஆறில் வாயைக் கட்டிவிடுவோம். அந்த நடுவில் இருக்கிற பகல்தான் எங்களுக்குச் சாப்பாட்டுக்கு உண்டான நாள். டாக்டரம்மா சொன்னது எங்கள் காதில் அவ்வளவு பொருத்தமாக விழுந்ததால், எந்த ஆறு மணி என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. மாத்திரை கூட இன்னும் மிச்சம் இருந்தது. கடைக்காரர் தாராளமாகக் கொடுத்திருக்கிறார் என்று அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தோம்.

இதுதான் காரணம் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லவில்லை. அரைகுறை மருந்தில் கிருமி அடங்கி அடங்கிக் கிளம்பியிருக்கலாம், பரிசோதனைகள் குழப்பியதும் அதனாலேயே இருக்கலாம் என்றார். பழையபடி ‘இருக்கலாம்’தான். நாலு வேளையும் சாப்பிட்டுப் பார்ப்போம், சாயந்திர வேளையை வேண்டுமானால் அஞ்சரைக்கே வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணி வேளையை மட்டும் விடவே கூடாது, காய்ச்சல் இறங்காவிட்டால் வேலூர்தான் என்றார். எழுதிய கடிதத்தை அவர் கிழிக்கவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்தார். அந்த இழுப்பறை மூடுகிற சத்தம் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகு, என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வேணாம்னு சொல்லல. ராத்திரியில என் கையால ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுக்க மனசு வரமாட்டேங்குது.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாமல் நிஜத்தைச் சொல்கிறார். “நீங்க எடுத்துக் குடுக்க வேணாங்க. வெளிச்சம் இருக்கும்போதே தண்ணிய வடிகட்டி மூடி வெச்சிடுங்க. நான் எடுத்துக்கறேன்” என்றேன்.

மறுநாள் ஆபீஸ் சிநேகிதர் ஒருவரிடம் அலாரம் கடிகாரம் வாங்கி வந்தார். வெயில் இருக்கும்போதே தண்ணீரை இரண்டு தடவை வடிகட்டினார். ராத்திரி அலாரம் அடித்தபோது நான் கையை நீட்டிச் சொம்பைத் தேடினேன். சொம்பு அங்கே இல்லை. அவர் முன்னாலேயே எழுந்து, ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் மாத்திரையுமாக என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் வாங்கி விழுங்கினேன். காலையில் சாப்பிடாமலே ஆபீசுக்குப் போனார். அது எதற்கான பட்டினி என்று எனக்குத் தெரியும். அதன் பிறகு ஒரு ராத்திரி கூட அந்த டம்ளரை நானாக எடுக்க வேண்டி இருக்கவில்லை.

காய்ச்சல் உடனே ஓடிவிடவில்லை. மெதுவாக, அடம்பிடித்து, படிப்படியாக இறங்கியது. இறங்கின பிறகும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு சனிக்கிழமை போய் இன்னொரு சனிக்கிழமை வந்து, குளிர் எடுக்காமல் மத்தியானம் தாண்டியபோதுதான் மூச்சு விட்டேன். டாக்டரம்மா கடைசியாக ஒரு தடவை ரத்தத்தையும் மலத்தையும் பார்த்தார். மலத்தில் ஒன்றும் இல்லை. ரத்தச் சீட்டு மட்டும் பழையபடி ரெண்டுங்கெட்டானாகத்தான் வந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். காகிதம் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கட்டும், நீ போய்க் குழந்தையை வாங்கிக்கொள் என்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். மீதி மாத்திரையை முடிக்கச் சொன்னார். தீபத்து ஊசிதான் ரத்தத்தில் அப்படிக் காட்டியதா, வியாதியா என்பது எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். கையை நீட்டினேன். குழந்தை என்னை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். நான் இளைத்துக் கறுத்து, முடி கொட்டி, எனக்கே கண்ணாடியில் அடையாளம் தெரியாமல் இருந்தேன். அவள் மேல் என்ன தப்பு? மாமியார், வந்துவிடுவாள் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அன்றைக்கு முழுக்க நான் அடுத்த அறையில் இருந்தால்தான் அவள் சாப்பிட்டாள், விளையாடினாள். நான் தலையைக் காட்டினால் உதடு பிதுங்கும். காய்ச்சலில் கூட நான் அப்படி நொந்து போனதில்லை.

அன்று ராத்திரி எல்லோரும் ஒரே அறையில் படுத்தோம். குழந்தை மாமியார் பக்கத்தில். பன்னிரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. குழந்தை பயந்து எழுந்து அழுதாள். இருட்டில் எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் மாத்திரைக்காக எழுந்து உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் டம்ளரை வைத்துக்கொண்டு என் கணவர். பாயில் சின்னக் கைகள் தட்டித் தட்டி வருவது கேட்டது. பிறகு முழங்காலில் ஒரு கை பட்டது. அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு ஏறி, மடியில் விழுந்து, மார்பில் முகத்தைத் தேய்த்தாள். அங்கே பால் இல்லை. இருந்தாலும் தேய்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

மாமியார் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் வளையல் ஒரு தடவை அசைந்தது எனக்குக் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் குழந்தை அங்கே திரும்பிப் போயிருக்கும். அவர் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் ஒருத்தி தண்ணீர் குடித்ததையும் அவர் பார்க்காத மாதிரியே படுத்திருந்தார்.

இப்போதும் எந்த டாக்டரிடம் போனாலும், மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று நான் புரிந்துகொண்டதை வாய் விட்டு ஒரு தடவை ஒப்பித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்; அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், ‘எந்த ஆறு மணி?’ என்று கேட்காமல் விட்டதால் நான் எதை இழக்க இருந்தேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த இருட்டில் என் மடியில் கனத்தது அதுதான்.